டிக்கெட் ஜன்னலில் திறந்த வங்கி

புதிதாக வங்கி வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். கடன் விண்ணப்பத்தை எப்படிப் பார்ப்பது, கணினியில் எதை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற கையோடு அந்த மென்பொருளையே மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு கிளையை மூடிய கதையையும் அதையே திரும்பத் திறந்த கதையையும் சொல்கிறேன். இரண்டும் என் காலத்தில் நடந்தவை. வங்கியில் நான் மிகவும் பயந்ததும் வயிறு வலிக்கச் சிரித்ததும் அந்தச் சில மாதங்களில்தான்.

நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் ஒரு சின்ன டவுன். ஒரு பக்கம் மலைச் சரிவு, மறுபக்கம் நீர்த்தேக்கம். நடுவில் கிடைத்த இடத்தில் கடைகளும் கோவிலும் பேக்கரியும் எங்கள் கிளையும். ஊழியர்கள் மூன்று பேர்: முகாமையாளராக நான், காசாளராக மேரி, உதவிக்கு நுவன் என்ற இளைஞர். நுவன் சிங்களவர், கம்பளைப் பக்கம். வந்தபோது அவருக்குத் தெரிந்த தமிழ் 'வாங்க', 'கையெழுத்து', 'நாளைக்கு' ஆகிய மூன்று சொற்கள்தான். மூன்றாவது சொல்லை அவர் மறந்தால்தான் நல்ல வங்கியாளர் ஆவார் என்று மேரி கேலி செய்வாள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள். தீபாவளிக்கு முன்னாலும் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் நகையை அடகு வைப்பார்கள், கை கொஞ்சம் தாராளமானதும் மீட்பார்கள். ஒரே மாலையை எத்தனையோ தடவை நான் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பெண்ணைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் மாலைதான் ஞாபகம் வரும்.

ஒரு மழைக்காலக் காலை, கதவைத் திறந்து உள்ளே போன மேரி போன வேகத்தில் திரும்பி வந்தாள். பின்பக்க மலை சரிந்து, மண் சுவரில் வந்து சாய்ந்திருந்தது. கழிப்பறைக் கதவின் அடியில் செஞ்சேறு வழிந்து கொண்டிருந்தது. கட்டடம் பார்க்க வந்த அதிகாரிகள் தலையை ஆட்டிவிட்டு, இன்றைக்கே காலி செய்யுங்கள் என்றார்கள். தலைமை அலுவலகத்தில் பேசினேன். பாதுகாப்பு வேன் அனுப்புகிறோம், அடகு நகைகள் எல்லாவற்றையும் முத்திரையிட்ட பெட்டிகளில் ஏற்றி ஹட்டன் கிளைக்கு அனுப்புங்கள் என்றார்கள். சரியான உத்தரவுதான். ஆனால் உத்தரவு வருவதற்கு முன்பே செய்தி மலை ஏறிவிட்டது.

நீங்கள் மலையில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். கீழே ஒரு தேங்காய் விழுந்தால் மேலே போய்ச் சேரும்போது அது தென்னை மரமே விழுந்ததாக இருக்கும். 'பேங்க் பின்னால மண் சரிஞ்சிருச்சு' என்பது முதல் தோட்டத்தில் 'பேங்க் பொதஞ்சு போச்சு' ஆயிற்று. அடுத்த தோட்டத்தில் 'நகையெல்லாம் ஆத்தோட போச்சு'. பெட்டிகளை வேனில் ஏற்றி முடித்த நேரத்தில், கொழுந்துப் பைகளை அப்படியே தோளில் போட்டுக் கொண்டு பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணில் பட்டது என்ன? துப்பாக்கியோடு இரண்டு பேர், கறுப்புக் கண்ணாடி வேன், உள்ளே தங்கள் நகை.

"தூக்கிட்டுப் போறாங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் வேனுக்கு முன்னால் ஈரத் தார்ப்பாதையில் உட்கார்ந்துவிட்டது.

வேனுக்குப் பொறுப்பாக வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காவலுக்கு வந்திருந்த பொலிஸ் சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க சொன்னா நாங்க வழி எடுத்துக் குடுக்கிறோம்" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வழி எடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்களை இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு நான் ஹட்டனுக்குப் போனால், திரும்ப அந்த டவுனில் எந்த முகத்தோடு கதவைத் திறப்பது?

அப்போது எனக்குத் தலவாக்கலையில் இருந்த என் முதல் முகாமையாளர் ஞாபகம் வந்தார். மகா சிடுமூஞ்சி. இரண்டு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. ஆனால் ஒரு சம்பள நாளில் மின்சாரம் போய், கூட்டம் கொதித்துப் போய் நின்றபோது, அவர் வெளியே போய் ஒரே ஓர் ஆளிடம் மெதுவாகப் பேசிக் கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன பேசுகிறார் என்று கேட்பதற்காகவே மற்றவர்கள் வாயை மூடினார்கள். பிறகு உள்ளே வந்து, என்னைப் பார்த்து, "கூட்டத்துக்குக் காது கிடையாது. ஆளுக்குத்தான் காது" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

நானும் ஓர் ஆளைத் தேடினேன். முன் வரிசையில், வேனின் பம்பரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள் பூங்காவனம். மேற்பிரிவுத் தோட்டத்துக்காரி. தொழிற்சாலைச் சங்கு ஊதாத நாளில் அவள் குரல் போதும் என்பார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக் கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மேடம், சேலை நனையுது" என்றாள்.

"நனையட்டும். என்ன வேணும் சொல்லுங்க."

"பெட்டிய எறக்கி உள்ள வைங்க. எங்க நகை எங்க ஊர்லயே இருக்கட்டும்."

"உள்ள வைக்க முடியாது பூங்காவனம். பின் செவத்தப் பாத்தீங்களா?"

"பாக்க விட்டாத்தானே பாக்குறதுக்கு!"

நியாயம். அவளைக் கூட்டிக் கொண்டு பக்கத்துப் பேக்கரியின் மாடிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் தெரியும். ஜன்னல் மட்டத்துக்கு மண். ஒரு முழுத் தேயிலைச் செடி வேரோடு வந்து கூரைத் தகரத்தில் உட்கார்ந்திருந்தது. பூங்காவனம் வாயில் கை வைத்தாள்.

"ஐயோ மாரியம்மா. இதுக்குள்ளயா இவ்வளவு நேரம் பெட்டி கட்டுனீங்க?"

"வேற வழி?"

"சரி. வேன் போகட்டும். ஆனா எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியணும்."

"ஹட்டனுக்கு."

"ஹட்டன்னு நீங்க சொல்றீங்க. இதே ரோட்டுதானே கொழும்புக்கும் போகுது?"

பாதை கொழும்புக்கும் போகத்தான் செய்கிறது. "அப்பன்னா பின்னாலயே வாங்க. ஆட்டோவுல வாங்க, நானும் வர்றேன். பெட்டி உள்ள போறதக் கண்ணால பாருங்க" என்றேன்.

வேன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வேனுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்பது அவர்களுடைய விதி. "வேனுக்குப் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள், நன்றாகத் தள்ளியே வருவோம். அதற்கு நான் பொறுப்பு. மற்றபடி இது பொதுப்பாதை, ஹட்டனுக்கு யாரும் போகலாம்" என்றேன். வட்டார அலுவலகத்துக்கும் அழைத்து அதையே சொன்னேன். பின்னால் கேள்வி வந்தால் என் பெயர்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவசரத்தில் ஒரு முடிவு எடுத்தால் அதை அப்போதே உரக்கச் சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்த நல்ல காரியம்கூடப் பிறகு திருட்டு முழி முழிக்கும். சார்ஜன்ட் மீசைக்குள் சிரித்தபடி, "அப்போ நான் முன்னால மோட்டார் சைக்கிள்ல போறேன்" என்றார்.

இரண்டு பேர் வந்தால் போதும் என்றுதான் நான் சொன்னேன். புறப்பட்டுத் திரும்பிப் பார்த்தால் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ பாக்கியில்லை. முன்னால் பொலிஸ், அடுத்து வேன், தள்ளி எங்கள் ஆட்டோ, அதன் பின்னால் டவுனின் எல்லா ஆட்டோக்களும், கடைசியில் கொழுந்து லொறி ஒன்று. ஓர் ஆட்டோவில் பாட்டு அலறியது. நிறுத்தச் சொன்னேன். எஞ்சினைப் போட்டால் பாட்டும் சேர்ந்து வரும், தனியாக நிறுத்த முடியாது என்றான் ஓட்டுநர். ஒவ்வொரு வளைவிலும் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு கடை வாசலில் நின்ற கிழவர் கையைக் காட்டி, "கல்யாணமா? பொண்ணு எந்த வண்டியில?" என்று கேட்டார்.

பூங்காவனம் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "பொண்ணு முன்னால வேன்ல போகுது! நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க!" என்று கத்தினாள். வழி மறித்து உட்கார்ந்திருந்த அதே பெண்கள் ஒவ்வோர் ஆட்டோவிலும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஹட்டன் கிளை முகாமையாளர் எங்களைப் பார்த்ததும் வெளிறிப் போனார். விஷயம் தெரிந்ததும் தேநீர் வரவழைத்தார். பெண்கள் நடைபாதையில் வரிசையாக நின்று ஒவ்வொரு பெட்டியும் காப்பறைக்குள் போவதைப் பார்த்தார்கள். இரும்புக் கதவைப் பூட்டிய பிறகு பூங்காவனம், "சேர், இன்னொரு தடவ இழுத்துப் பாருங்க" என்றாள். அவரும் இழுத்துக் காட்டினார்.

திரும்பி வரும் வழியில்தான் அவள் உண்மையான விஷயத்துக்கு வந்தாள். "மேடம், எம்மக கல்யாணம் அடுத்த வெள்ளிக்கிழம. மீட்கக் காசு சேத்து வச்சிருக்கேன். அவளுக்குப் போட இருக்குறது அந்த மால ஒண்ணுதான். கெடைக்குமா?"

ஜெயித்த களிப்பில் இருந்தேன். 'கட்டாயம்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது என் கையில் இல்லாத சாவி. "தெரியல பூங்காவனம். நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்" என்றேன். அவள் முகம் விழுந்தது. டவுன் வரும் வரைக்கும் பேசவில்லை. இப்படியான மௌனத்தில் உட்கார்ந்திருப்பது மிகவும் கஷ்டம். அதைத் தாங்க முடியாமல்தான் நம்மில் பலர் பொய் வாக்குக் கொடுக்கிறோம்.

அடுத்த நாள் எங்கள் வட்டார முகாமையாளரைப் போய்ப் பார்த்தேன். கண்டிக்காரர். சிங்களத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலப் பேசுவார். இடம் மாறிய நகைகளை இரண்டு கிளைக்காரர்களும் ஒவ்வொரு பொதியாகச் சரிபார்க்காமல் ஒன்றைக்கூட வெளியே கொடுக்க முடியாது, ஹட்டனில் இருக்கும் வேலைக்கு அது முடிய வாரக்கணக்கில் ஆகும் என்றார். விதி சரியானது. நான் அதோடு சண்டை போடவில்லை.

"வேலை நாளில் முடியாது. பௌர்ணமிப் போயா தினத்தில் செய்யலாமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "போயா விடுமுறையில் யார் வருவார்கள்?"

உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் விடுமுறை நாளைக் கேட்பதாக இருந்தால் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். மேரி உடனே சரி என்றாள். நுவன் தயங்கினார். அந்தப் போயா அன்று அவர் வீட்டார் அவருக்குக் கொத்மலையில் பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளியே போய்த் தொலைபேசியில் நெடுநேரம் அம்மாவோடு பேசினார். உள்ளே வந்து, தான் பழகியிருந்த தமிழில், "மிஸ், என்ட கல்யாணம் கொஞ்சம் லேட் ஆனா பரவாயில்ல. அந்தக் கல்யாணத்துக்குத் திகதி போட்டாச்சு தானே" என்றார்.

சொன்னபடி அன்று சாயங்காலமே பூங்காவனத்திடம் விவரத்தைச் சொல்லிவிட்டேன். போயா தினத்தில் காலை முதல் இருட்டும் வரை பொதி பொதியாகப் பார்த்தோம். மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வெள்ளை உடையில் வட்டார முகாமையாளர். விகாரைக்குப் போன கையோடு, வீட்டில் சமைத்த சோற்றுப் பொதிகளைச் சுமந்து கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு அவரும் எங்களோடு உட்கார்ந்தார். ஒரு பொதிகூடக் குறையவில்லை, மாறவில்லை. பூங்காவனம் வந்து மாலையை வாங்கிய அன்று, கண்ணில் ஒற்றிக் கொண்டு, ஹட்டனுக்கு வந்திருந்த வட்டார முகாமையாளர் முன்னால் நேரே போய் நின்றாள். தோட்டத்துச் சிங்களத்தில், "மாத்தியா, வெள்ளிக்கிழமை கட்டாயம் வரணும். வராட்டி நான் வேன் முன்னால உக்காந்த மாதிரி உங்க வீட்டு முன்னால உக்காருவேன்" என்றாள்.

இதற்கிடையில் பெரிய கேள்வி ஒன்று நின்று கொண்டிருந்தது. அந்தக் கிளை வேண்டாம், ஹட்டனோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை மேலிடத்தில் இருந்தது. இப்போதுதான் எல்லாரிடமும் போன் இருக்கிறதே என்றார்கள். போன் இருக்கிறது. ஆனால் மேற்பிரிவில் சிக்னல் பிடிக்க வேண்டுமென்றால் கோவில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினாலும் போனில் மாலையை அடகு வைக்க முடியாது. ஹட்டனுக்கு ஒருத்தி போய்வந்தால் அன்றைக்கு அவளுக்குப் 'பேர்' விழாது, அதாவது ஒரு நாள் சம்பளம் போச்சு. எனக்கோ வீடு ஹட்டனில். கிளை சேர்ந்தால் எனக்கு வசதி. அதனாலேயே என் கருத்தைக் கேட்டபோது ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்தேன். கிளை வேண்டும் என்று சொன்னேன்.

"சரி, பாதுகாப்பான கட்டடம் ஒன்றைக் காட்டுங்கள். மிச்சத்தை நான் பேசுகிறேன்" என்றார் வட்டார முகாமையாளர்.

நானும் நுவனும் அந்த டவுனில் ஏறி இறங்காத படி இல்லை. ஒரு கடை சரிவின் அடியில் இருக்கும், அடுத்தது தண்ணீருக்கு மேல் தூணில் நிற்கும். கல்யாண நாள் வரைக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

கல்யாணம் கோவிலில். சாப்பாடு, டவுன் முனையில் இருந்த பழைய சினிமா கொட்டகையில். படம் ஓடுவது எப்போதோ நின்று, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பூங்காவனத்தின் மகள் அந்த மாலையைப் போட்டுக் கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நின்றாள். பூங்காவனம் வட்டார முகாமையாளரைத் தலைவாழை இலையின் முன்னால் உட்கார வைத்து, அவர் போதும் போதும் என்று கையை மறிக்க மறிக்கப் பாயாசம் ஊற்றினாள்.

கை கழுவப் போன மனிதரை வெகு நேரமாகக் காணவில்லை. தேடிப் போனால், கொட்டகையின் முன்மண்டபத்தில் ஈரக் கையோடு நின்று சுவரைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு முழம் தடிப்பான கருங்கல் சுவர். அதில் இரும்புக் கம்பி போட்ட இரண்டு டிக்கெட் ஜன்னல்கள், ஒட்டடை தொங்கிக் கொண்டு. ஒரு ஜன்னலின் அரைவட்ட ஓட்டைக்குள் கையை விட்டு எடுத்தார்.

"மிஸ், இந்தப் பக்கம் காசு வந்தது, அந்தப் பக்கம் டிக்கெட் போனது. இது ஏற்கனவே கவுண்டர்தானே?"

நானும் நுவனும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். எத்தனை தடவை அந்த வாசலைக் கடந்து கட்டடம் தேடிப் போயிருக்கிறோம்! கொட்டகைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "பாறை மேல கட்டுனது சேர். இடிச்சுட்டுக் கடை போடலாம்னு பாத்தேன், இடிக்க முடியல. அதான் அப்பிடியே நிக்குது" என்றார். இதைவிட நல்ல சான்றிதழை எந்தப் பொறியியலாளரும் தந்ததில்லை. ஆனாலும் முறைப்படி பொறியியலாளர்களையும் வரவழைத்தோம். அவர்களும் தலையை ஆட்டினார்கள், இந்தத் தடவை சரியான பக்கமாக.

அதன்பிறகும் மாதங்கள் ஓடின. அனுமதி, ஒப்பந்தம், கம்பி, பூட்டு. பார்க்கும் இடமெல்லாம் பெண்கள் என்னை மறித்து, "எப்ப மேடம்?" என்பார்கள். திகதி கைக்கு வரும் வரை 'தெரியாது' என்பதையே சொன்னேன். திகதி வந்த அன்று, நான் சொல்லி முடிக்கும் முன்பே மலை ஏறிவிட்டது. இந்தத் தடவை மட்டும் செய்தி வழியில் வீங்கவில்லை.

திறப்பு நாள். சுபநேரம் கோவில் ஐயரும் நுவனின் அம்மாவும் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னது, ஒன்றாகவே இருந்தது. ஆனால் நாடாவை வெட்ட வேண்டிய வட்டார முகாமையாளர் பனிமூட்டத்தில் மாட்டிக் கொண்டார். காத்திருப்போமா என்று மேரி கேட்டாள். வாசலில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் நின்றார்கள். அவருக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, நேரத்துக்கே கதவைத் திறந்தோம்.

இரண்டு டிக்கெட் ஜன்னல்களையும் அப்படியே கவுண்டராக வைத்திருந்தோம். ஒன்றில் மேரி, மற்றதில் நுவன். கூட்டம் முழுவதும் மேரியின் ஜன்னலில் குவிந்தது. வாசலைத் தாண்டிப் பாதைக்கே போய்விட்டது வரிசை. நுவன் ஜன்னலில் ஈ இல்லை. "இங்க வாங்க, இங்க வாங்க" என்று அவர் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் அசையவில்லை. பாவம், முகம் சுருங்கிவிட்டது. 'நான் என்ன தப்புச் செய்தேன்?' என்பது போல என்னைப் பார்த்தார்.

நான் வெளியே வந்து வரிசையின் முன்னால் நின்ற பூங்காவனத்திடம் கேட்டேன். "என்ன பூங்காவனம், நுவன் மேல கோவமா?"

"அவர் தங்கமான புள்ள மேடம். மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

அண்ணாந்து பார்த்தேன். திறப்புக்காகச் சுவரைக் கழுவியபோது பழைய எழுத்துகள் பளிச்சென்று வெளியே வந்திருந்தன. உள்ளேயிருந்து வேலை செய்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மேரியின் ஜன்னலுக்கு மேல் 'முதலாம் வகுப்பு'. நுவனின் ஜன்னலுக்கு மேல் 'கெலரி', அதாவது திரைக்கு முன்னாலான மலிவு டிக்கெட்.

"எங்கப்பா காலம் பூரா கெலரியில நின்னாரு. நாங்களும் நின்னோம். போதும் மேடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். பின்னால் நின்ற ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வெளிச்சுவரில் பெயர்ப்பலகை எழுதிக் கொண்டிருந்த பெயிண்டர் இன்னும் ஏணியில்தான் இருந்தார். கூப்பிட்டேன். ஏணியை நுவனின் ஜன்னலுக்கு மாற்றி வைத்தார். 'கெலரி'யை அழித்தார். ஈரம் காயுமுன்பே ஒவ்வோர் எழுத்தாக எழுத ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்கள் சத்தமாக எழுத்துக் கூட்டினார்கள். கடைசி எழுத்தை அவர் முடித்ததும் எழுந்த கைதட்டலில் கோவில் பக்கத்துப் புறாக்கள் பறந்தன. வரிசை தானாகவே இரண்டாகப் பிரிந்தது. பூங்காவனம் நுவனின் ஜன்னலுக்கு ஓடி முதல் ஆளாக நின்றாள்.

பனியைக் கடந்து வட்டார முகாமையாளர் வந்து சேர்ந்தபோது உள்ளே காலடி வைக்க இடமில்லை. அவருக்கும் தமிழ் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். ஒரு ஜன்னலைப் பார்த்தார், மற்றதையும் பார்த்தார். "இரண்டும் முதலாம் வகுப்பா? கெலரி எங்கே?" என்று கம்பிக்கு வெளியேயிருந்து கேட்டார்.

நுவன் தலையை நிமிர்த்தாமல், பூங்காவனத்தின் பாஸ் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொண்டே, தமிழிலேயே பதில் சொன்னார்.

"இங்க கெலரி இல்ல சேர். நீங்களும் வரிசையில வாங்க."